பழைய ஃபோர்டு 8என் டிராக்டருக்கு வேறு கார்புரேட்டர் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஊரைத் தாண்டி நாலு ஏக்கர் நிலத்தோடு ஒரு வீட்டில் இருக்கிறோம். கொட்டகையில் 1949-ஆம் ஆண்டு ஃபோர்டு 8என் டிராக்டர் ஒன்று நிற்கிறது. கோடையில் புல் வெட்டவும் குளிர்காலத்தில் பனி தள்ளவும் அதுதான் துணை. நிலத்தோடு வீடு வாங்கும் நம் ஆட்கள் பலர் இதே டிராக்டரை வாங்கிவிட்டு, "எஞ்சின் மக்கர் பண்ணுகிறது, நல்ல கார்புரேட்டராக ஒன்று மாற்றிவிடலாமா?" என்று கேட்கிறார்கள். கார்புரேட்டர் என்பது பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம். அவர்கள் கேட்டவற்றையும் நான் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

8என் என்பது எந்த டிராக்டர்?

சாம்பல் நிற உடல், சிவப்பு எஞ்சின், உயரம் குறைவு. பார்த்தவுடனே அடையாளம் தெரியும். ஹென்றி ஃபோர்டும் அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசனும் 1938-ல் வெறும் கைகுலுக்கலில் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பிறந்த குடும்பம் இது. முதலில் 1939-ல் 9என் வந்தது. போர்க்காலத்தில், 1942-ல், 2என். கைகுலுக்கல் முறிந்த பிறகு, 1947-ல் ஃபோர்டு தனியாக 8என்னைக் கொண்டுவந்தது. 1952 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதனால்தான் எழுபது ஆண்டு கழித்தும் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை.

மூன்றிலும் எஞ்சின் கிட்டத்தட்ட ஒன்றே. நாலு சிலிண்டர், 119.7 கன அங்குலம், நம் கணக்கில் ஏறக்குறைய 1.96 லிட்டர். வால்வுகள் மேலே இல்லாமல் பக்கவாட்டில் இருக்கும். ஃபோர்டின் பழைய 239 கன அங்குல வி8 எஞ்சினின் சிலிண்டர் விட்டமும் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்)தான் இதற்கும். எட்டு சிலிண்டரில் நாலை எடுத்துக்கொண்டால் இது. கீழே சொல்வதெல்லாம் மூன்று மாடலுக்கும் பொருந்தும். வித்தியாசம் இருக்கும் இடத்தில் குறிப்பிடுகிறேன்.

இதில் இருக்கும் கார்புரேட்டர் எது? எப்படி வேலை செய்கிறது?

மார்வெல் ஷெப்ளர் என்ற கம்பெனி செய்தது. 9என், 2என் இரண்டிலும் டிஎஸ்எக்ஸ்-33, 8என்னில் டிஎஸ்எக்ஸ்-241. செஸ்னா 150 போன்ற சிறு விமானங்களின் எஞ்சினிலும் இதே கம்பெனிப் பெயரில் கார்புரேட்டர் இருக்கும். சாதாரணச் சரக்கு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இது கீழிருந்து மேலே ஊதும் வகை. கார்புரேட்டர் மேனிஃபோல்டுக்கு, அதாவது கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்க்கு, அடியில் தொங்குகிறது. காற்று பக்கவாட்டில் நுழைந்து, மேல்நோக்கித் திரும்பி, குறுகிய தொண்டை வழியாகப் போகும்போது பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டு ஏறுகிறது. பெட்ரோல் டேங்க் அதற்கும் மேலே, பானட்டுக்குள் இருக்கிறது. நடுவில் பம்ப் கிடையாது. பெட்ரோல் தன் எடையிலேயே இறங்குகிறது.

இந்த அமைப்பில் ஒரு பெரிய நன்மை உண்டு. மிதவை (கார்புரேட்டருக்குள் மிதந்தபடி, பெட்ரோல் நிறைந்ததும் ஊசி வால்வை மூடுவது) சிக்கிப் பெட்ரோல் வழிந்தால், அது சிலிண்டருக்குள் போகாமல் கீழே தரையில் சொட்டும். எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். ஆனால் கொட்டகையில் பெட்ரோல் சொட்டுவதும் சின்ன விஷயம் இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

திருகுகள் இரண்டு. கீழே இருப்பது மெயின் ஜெட் ஊசி. வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும், உள்ளே திருப்பினால் குறையும். பக்கத்தில் இருப்பது ஐட்லிங் (சுமையில்லாமல் மெதுவாக ஓடுவது) கலவைத் திருகு. இது பெட்ரோலை அல்ல, காற்றைக் கட்டுப்படுத்துகிறது. அதனால் இங்கே எல்லாம் தலைகீழ்: உள்ளே திருப்பினால்தான் கலவையில் பெட்ரோல் விகிதம் கூடும். இதை அறியாமல் ஒரு நாள் முழுக்கத் திருகிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

பெரிய கார்புரேட்டர் போட்டால் சக்தி கூடுமா?

கூடாது. எல்லோரும் முதலில் கேட்பது இதுதான் என்பதால் காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

இந்த எஞ்சினில் கவர்னர் இருக்கிறது. சுமை இல்லாமல் எவ்வளவு முறுக்கினாலும் நிமிடத்துக்கு 2200 சுற்றைத் தாண்ட விடாது. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் சிலிண்டர் நிறையும். எனவே 2200 சுற்றில் அதிகபட்சம் 1.96 லிட்டரை 1100 தடவை இழுக்கும்: நிமிடத்துக்குச் சுமார் 2150 லிட்டர் காற்று. அதுவும் ஒவ்வொரு தடவையும் சிலிண்டர் முழுதாக நிறைந்தால்தான். பக்கவாட்டு வால்வு எஞ்சினில் அவ்வளவு நிறையாது. அந்த அளவு காற்றுக்கும் பெட்ரோலுக்கும் போதுமானதாகத்தான் டிஎஸ்எக்ஸ்-241-ஐ அளந்து செய்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய வழி திறந்துவிட்டாலும் உள்ளே இழுக்க எஞ்சினுக்குக் கொள்ளளவு இல்லை.

கூடாதது மட்டுமல்ல, கெட்டும் போகலாம். தொண்டை குறுகலாக இருந்தால்தான் காற்று வேகமாகப் போகும். வேகமாகப் போனால்தான் பெட்ரோலை நன்றாக உறிஞ்சிப் புகை போலச் சிதறடிக்கும். தொண்டையை அகலமாக்கினால் குறைந்த சுற்றில் காற்று மெதுவாகிறது, உறிஞ்சும் பலம் குறைகிறது. டிராக்டர் வேலை எல்லாம் நடப்பது எங்கே? 1200-லிருந்து 2000 சுற்றுக்குள். பின்னால் புல்வெட்டியைச் சுழற்றும் பிடிஓ தண்டு 8என்னில் தன் இயல்பான வேகத்தை எட்டுவதே எஞ்சின் 1500 சுற்றில்தான். அந்த இடத்தில் திணறும் கார்புரேட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பிறகு வந்த 1953 மாடலின் கார்புரேட்டர் கையில் இருக்கிறது. அதைப் போடலாமா?

1953-ல் வந்த என்ஏஏ மாடலில் எஞ்சினே வேறு: 134 கன அங்குலம், வால்வுகள் தலையில். அதன் கார்புரேட்டரும் அந்தக் கொள்ளளவுக்கு அளந்தது. நான் போட மாட்டேன். மேலே சொன்ன காரணமேதான். அதை என்ஏஏ வைத்திருப்பவருக்குக் கொடுத்தால் அவருக்கு உதவும்.

அப்படியானால் கார்புரேட்டரை மாற்றவே வேண்டாமா?

மாற்ற வேண்டிய நேரமும் உண்டு. ஆனால் முதலில் குற்றவாளி அதுதானா என்று உறுதி செய்யுங்கள். கார்புரேட்டர் கோளாறில் பெரும்பகுதி உண்மையில் மின்பொறிக் கோளாறு என்று இங்கே பழைய டிராக்டர் ஆட்கள் சொல்வார்கள். என் அனுபவத்தில் அது சரி. இன்னொரு பகுதி டேங்கிலிருந்து வரும் வழியில் இருக்கிறது.

என் கதையையே சொல்கிறேன். வாங்கிய முதல் கோடையில் டிராக்டர் சரியாக இருபது நிமிடம் ஓடும், பிறகு மூச்சு வாங்கி நின்றுவிடும். பத்து நிமிடம் விட்டால் மறுபடி ஓடும். கார்புரேட்டர்தான் என்று முடிவு கட்டிப் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன். அதே இருபது நிமிடம். கடைசியில் நின்றுபோன நேரத்தில் டேங்க் மூடியைத் திறந்தபோது 'உஸ்' என்று காற்று உள்ளே போன சத்தம் கேட்டது. மூடியில் இருக்கும் சின்னக் காற்றுத் துளை துருவால் அடைத்திருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்கில் வெற்றிடம் உண்டாகி, அதற்கு மேல் இறங்கவே இல்லை. ஒரு மெல்லிய கம்பியால் துளையைக் குத்தினேன். அன்றோடு தீர்ந்தது. அதனால்தான் சோதனைகளைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என்னென்ன சோதனை? எந்த வரிசையில்?

முதல் சோதனை பெட்ரோல் ஓட்டம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். கார்புரேட்டரின் அடியில் ஒரு வடிகால் பிளக் இருக்கிறது. கீழே அரை லிட்டர் கொள்ளும் உலோக டப்பா வைத்து, பிளக்கைக் கழற்றி, டேங்கின் அடி வால்வைத் திறங்கள். இரண்டு நிமிடத்துக்குள் டப்பா நிறைய வேண்டும். முதலில் வேகமாக வந்து பிறகு சொட்டுச் சொட்டாகக் குறைந்தால், வழியில் அடைப்பு.

அடைப்பு இருக்கக்கூடிய இடங்கள் மூன்று. மூன்றிலும் வலை உண்டு. டேங்குக்குள் நிற்கும் வடிகட்டிக் குழாய் ஒன்று. அடியில் இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தின் மேல் வலை இரண்டாவது. மூன்றாவது வலையைப் பலர் பார்த்ததே இல்லை, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நுழையும் முழங்கைக் குழாயோடு ஒட்டியிருக்கும். அதைக் கழற்றிப் பார்த்தால் சிவப்புச் சேறு அப்பியிருக்கும்.

அந்த அடி வால்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை இரண்டு முழுச் சுற்று திறக்க வேண்டும். அரைச் சுற்றுத் திறந்துவிட்டு "பெட்ரோல் வரவில்லை" என்று புலம்புவது அடிக்கடி நடக்கிறது. இரண்டு சுற்றைத் தாண்டி முழுதும் திறந்தால் ரிசர்வ் பெட்ரோலும் இறங்கிவிடும்; பிறகு வயல் நடுவில் நின்றால் ரிசர்வ் இருக்காது. பைக்கில் ரிசர்வ் குழாய் வைத்திருந்த காலம் நினைவிருக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

இரண்டாவது சோதனை பொறி. பிளக் வயர் ஒன்றைக் கழற்றி, எஞ்சின் உடலிலிருந்து கால் அங்குல இடைவெளியில் பிடித்து (காய்ந்த மரக் கிளிப்பால் பிடியுங்கள், கையால் அல்ல) ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். அந்த இடைவெளியை நீலப் பொறி தாவ வேண்டும். மஞ்சளாக, மெலிதாக இருந்தால் கார்புரேட்டரைத் தொடாதீர்கள். பொறியை உண்டாக்கும் பாயிண்ட், கண்டென்சர், காயில் பக்கம் போங்கள். பிளக் இடைவெளி 0.025 அங்குலம். பாயிண்ட் இடைவெளி, டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடுவது) எஞ்சினுக்கு முன்னால் இருந்தால் 0.015, பக்கவாட்டில் இருந்தால் 0.025. 8என்னில் வரிசை எண் 263843 வரை முன்னால், அதற்குப் பிறகு பக்கவாட்டில். பொறி விழும் வரிசை 1-2-4-3.

மூன்றாவது, காற்றுக் கசிவு. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது த்ராட்டில் தண்டு (எஞ்சினுக்குப் போகும் கலவையைக் கூட்டிக் குறைக்கும் தகட்டைத் திருப்புவது) கார்புரேட்டருக்குள் நுழையும் இரு பக்கத்திலும், மேனிஃபோல்டு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். ஓட்டம் மாறினால் அங்கே காற்று உள்ளே போகிறது. சிலர் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடிப்பார்கள். சூடான எக்ஸாஸ்ட் ஒட்டியே இருப்பதால் நான் அதைச் செய்வதில்லை.

கரும்புகை வருகிறது. கார்புரேட்டர்தானே?

அவசரப்படாதீர்கள். கரும்புகை என்றால் பெட்ரோல் விகிதம் அதிகம், மெக்கானிக் பாஷையில் 'ரிச்'. ஆனால் காற்று குறைந்தாலும் அதே விளைவுதான். இந்த டிராக்டரில் ஏர் கிளீனர் எண்ணெய்த் தொட்டி வகை. தொட்டியில் குறிக்கு மேல் எண்ணெய் ஊற்றினாலோ, பல வருட மண் படிந்து கெட்டியானாலோ, சோக்கை (குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் தகடு) பாதி இழுத்து வைத்தது போல் ஆகிவிடும். தொட்டியைக் கழற்றிக் கழுவி, குறி வரை மட்டும் புது எண்ணெய் ஊற்றிப் பாருங்கள். சோக் தகடு முழுதாகத் திறக்கிறதா என்றும் பாருங்கள். கம்பி வளைந்து பாதியில் நிற்பது உண்டு.

இருப்பதையே ரிப்பேர் செய்வதா, புதிது வாங்குவதா?

கையில் இருப்பது அசல் மார்வெல் ஷெப்ளராக இருந்து, உடலில் வெடிப்பு இல்லாமல், த்ராட்டில் தண்டு தளராமல் இருந்தால், ரிப்பேர் கிட் போட்டு அதையே வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் முழுவதிலும் நான் சொல்ல வருவது இது ஒன்றுதான்: சுத்தமாக, சரியாக அமைத்த அசல் கார்புரேட்டரை விட இந்த எஞ்சினுக்கு நல்ல 'அப்கிரேடு' கிடையாது. கிட்டில் ஊசி வால்வு, இருக்கை, கேஸ்கெட்டுகள், தண்டுக்கான சீல் எல்லாம் வந்துவிடும். விலையும் புதியதில் ஒரு சிறு பங்குதான்.

தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் அங்கே ஓயாமல் காற்று நுழையும். எத்தனை முறை திருகினாலும் ஐட்லிங் நிலைக்காது. கிட் அதைச் சரி செய்யாது. புது தண்டும் புஷ்ஷும் வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த லேத் ஆள் கிடைக்காவிட்டால் மாற்றுவது நியாயம். அதேபோல் மெயின் ஜெட் ஊசியை யாராவது பல ஆண்டு முன் பலமாக இறுக்கியிருந்தால், அதன் முனையில் மோதிரம் போல் பள்ளம் விழுந்திருக்கும். அந்த ஊசி இனித் துல்லியமாக அளக்காது.

புதிது வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?

சந்தையில் மூன்று வகை. பழையதைப் பிரித்துச் சரிசெய்து விற்பது ஒன்று. ஜெனித் என்ற பழைய பெயர்பெற்ற கம்பெனி இந்த டிராக்டர்களுக்கென்றே தரும் மாற்றுக் கார்புரேட்டர் இன்னொன்று. மூன்றாவது, மார்வெல் ஷெப்ளரின் உருவத்தைப் பார்த்துச் செய்த மலிவு நகல்கள்.

நகல்கள் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் ஒரு கடையில் வாங்கிய நகலைப் போடுவதற்கு முன் திறந்து பார்த்தபோது, உள்ளே வார்ப்பு மணலும் உலோகத் துருவலும் கிடந்தன. மிதவை உயரமும் தவறு. எனவே எதை வாங்கினாலும் நாலு திருகைக் கழற்றி உள்ளே பார்த்து, கழுவி, காற்றடித்து, மிதவையை அளந்த பிறகே போடுங்கள். மெயின் ஜெட்டைத் திருகிச் சரிசெய்ய முடிகிற வகையா என்றும் கேளுங்கள். சிலவற்றில் அளவு நிலையாக இருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலோடு ஓட்டுபவர்களுக்கு, திருகக்கூடியது பெரிய சௌகரியம்.

மிதவை உயரம் எவ்வளவு? எப்படி அளப்பது?

மிதவை மேல் பாதியில் தொங்குகிறது. மேல் பாதியைக் கழற்றித் தலைகீழாகப் பிடியுங்கள். புதுக் கேஸ்கெட்டை வைத்து, கேஸ்கெட்டுக்கும் மிதவையின் கிட்டிய விளிம்புக்கும் இடையே கால் அங்குலம் இருக்க வேண்டும். கால் அங்குல டிரில் பிட் ஒன்றை இடையில் நுழைத்துப் பார்ப்பது சுலபம். இரு பக்க மிதவையும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். சரிசெய்ய நாக்கை மெதுவாக வளையுங்கள். வளைக்கும்போது ஊசியை இருக்கையில் அழுத்தாதீர்கள், முனை நசுங்கிவிடும்.

மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சலசலவென்றால் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்திருக்கிறது. மாற்றிவிடுங்கள்.

கழற்றி மாட்டுவது கஷ்டமா?

இல்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் ஒரு மணி நேரத்தில் செய்யலாம். ஆனால் இரண்டு விஷயத்தில் கவனம்.

முதலாவது பேட்டரி. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் 8என் 6 வோல்ட், அதிலும் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். கார் பழக்கத்தில் நெகட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் உடலில் பட்டுப் பொறி பறக்கும். பக்கத்தில் பெட்ரோல் இருக்கிறது. உடலோடு இணைந்த வயரை முதலில் கழற்றுங்கள், அது எந்த முனையானாலும் சரி. யாராவது 12 வோல்ட்டுக்கு மாற்றியிருந்தால் அது நெகட்டிவாக இருக்கலாம், அதனால் பார்த்துச் செய்யுங்கள்.

இரண்டாவது சூடு. எஞ்சின் முழுதாக ஆறும்வரை பெட்ரோல் பைப்பைத் தொடாதீர்கள்.

அப்புறம் வேலை நேரானது. டேங்க் வால்வை மூடி, ஏர் ஹோஸ், சோக் கம்பி, கவர்னரிலிருந்து வரும் த்ராட்டில் கம்பி, பெட்ரோல் பைப், கடைசியாக மேனிஃபோல்டில் பிடித்திருக்கும் இரண்டு நட். பைப் நட்டைத் திருப்பும்போது முழங்கைக் குழாயை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். பைப் இணைப்பில் வெள்ளை டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். அதன் துணுக்கு ஒன்று ஊசி வால்வில் சிக்கினால் போதும், பெட்ரோல் வழிய ஆரம்பிக்கும்.

மாட்டிய பிறகு, எஞ்சினை ஓட்டாமலே கை த்ராட்டிலை முழுதாக இழுங்கள். கார்புரேட்டரின் த்ராட்டில் தகடும் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கவர்னர் கம்பியின் நீளத்தைத் திருத்துங்கள். "புதுக் கார்புரேட்டர் போட்டும் இழுவை இல்லை" என்று வருபவர்களில் சிலருக்கு இங்கேதான் கோளாறு.

டியூனிங் எப்படி?

இரண்டு திருகையும் விரலால் மெதுவாக உள்ளே தொடும்வரை திருப்புங்கள். இறுக்கக் கூடாது. பிறகு மெயினை ஒன்றரைச் சுற்று வெளியே, ஐட்லிங்கை ஒரு சுற்று வெளியே. வண்டி இதில் ஸ்டார்ட் ஆகும். பதினைந்து நிமிடம் ஓடி நன்றாகச் சூடாகட்டும். குளிர்ந்த எஞ்சினில் செய்த டியூனிங் நிற்காது.

ஐட்லிங் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருப்புங்கள், எஞ்சின் தடுமாறும். அந்த இடத்தை நினைவில் வையுங்கள். இப்போது வெளியே திருப்புங்கள், இன்னொரு இடத்தில் தடுமாறும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். சத்தம் ஒரே சீராகக் கேட்கும். அது காதுக்குத் தெரியும்.

மெயினுக்குச் சுமை வேண்டும். கை த்ராட்டிலைச் சட்டென்று இழுத்தால் எஞ்சின் ஒரு கணம் திணறிவிட்டு ஏறினாலோ, கார்புரேட்டர் பக்கம் 'டப்' என்று வெடித்தாலோ பெட்ரோல் போதவில்லை, அதாவது 'லீன்'. எட்டில் ஒரு பங்குச் சுற்று வெளியே. கரும்புகை தள்ளினால் எட்டில் ஒரு பங்கு உள்ளே. பிறகு புல்லில் இறக்கி அரை மணி வேலை செய்துவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வெளிர் காப்பி நிறம் என்றால் சரி. கரிப் பொடி படிந்திருந்தால் ரிச். சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் லீன். அதோடு ஓட்டினால் வால்வு கருகும், உடனே திருத்துங்கள்.

நிறுத்தி வைத்தால் பெட்ரோல் சொட்டுகிறது.

ஊசி வால்வில் தூசி, தேய்மானம், அல்லது மிதவைக் கோளாறு. ஸ்க்ரூ டிரைவரின் மரக் கைப்பிடியால் பெட்ரோல் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் லேசாகத் தட்டினால் சில நேரம் நின்றுவிடும். அது தற்காலிகம். திறந்து பார்க்கத்தான் வேண்டும்.

ஒரு பழக்கத்தை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: வண்டியை நிறுத்தியதும் டேங்க் வால்வை மூடுங்கள். ஒவ்வொரு முறையும். வைக்கோலும் மரமும் இருக்கும் கொட்டகையில் இரவெல்லாம் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மின்சாரப் பெட்ரோல் பம்ப் வைத்தால் ஓட்டம் நன்றாக இருக்காதா?

வைக்காதீர்கள். டேங்கிலிருந்து தானாக இறங்கும் பெட்ரோலின் அழுத்தம் அரை பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) அளவுதான். ஊசி வால்வின் துளை அதற்கேற்பப் பெரிதாக இருக்கிறது. நாலைந்து பிஎஸ்ஐ தரும் கார் பம்ப் அந்த ஊசியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோலைக் கொட்டிவிடும். பம்ப் வேண்டும் என்று தோன்றினால் வலைகளில் எதையோ நீங்கள் இன்னும் சுத்தம் செய்யவில்லை என்று பொருள். இதேபோல், பம்ப் வண்டிக்கான சிறு துளை இருக்கையை இதில் போட்டால் சுமை ஏறும்போது பெட்ரோல் போதாமல் நிற்கும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் கெடுதலா?

இங்கே சாதாரணமாகக் கிடைப்பது 10 சதவீத எத்தனால். இந்தியாவில் 20 சதவீதம் வந்துவிட்டதால் அங்கே உள்ளவர்களுக்கும் இந்தக் கவலை பழக்கம். எஞ்சினுக்கு அதனால் ஆபத்தில்லை. கலவை சற்று லீனாகும், மெயினை எட்டில் ஒரு பங்குச் சுற்று திறந்தால் சரியாகிவிடும். தொந்தரவு தருவது நீண்ட நாள் நிறுத்தும்போது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், தண்ணீர் அடியில் தங்கும், டேங்க் துருப்பிடிக்கும், அந்தத் துரு கார்புரேட்டருக்கு வரும். பழைய ரப்பர்களும் இறுகிப்போகும். எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைக்கும் ஊரில் இருப்பவர்கள் அதையே போடுங்கள். விலையுயர்ந்த அதிக ஆக்டேன் பெட்ரோல் தேவையில்லை. இது குறைந்த கம்ப்ரஷன் எஞ்சின்.

உண்மையிலேயே சக்தி வேண்டும் என்றால்?

முதலில் நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பாருங்கள். தேய்ந்த ரிங்கும் கசியும் வால்வும் தின்றுவிட்ட சக்தியை எந்தக் கார்புரேட்டரும் திருப்பித் தராது. வேகம் வேண்டும் என்றால் கூடுதல் கியர்பெட்டி உண்டு. அந்தக் காலத்திலேயே ஷெர்மன் என்ற பெயரில் விற்றார்கள், இன்றும் பழையது கிடைக்கும். பெரும் சக்தி வேண்டும் என்று நினைத்த விவசாயிகளுக்காக, கன்சாஸ் மாநிலம் காஃபிவில்லில் விமானம் செய்துகொண்டிருந்த ஃபங்க் கம்பெனி ஃபோர்டின் ஆறு சிலிண்டர் எஞ்சினையும் வி8 எஞ்சினையும் இந்த டிராக்டரில் பொருத்தும் கிட் செய்தது. கார்புரேட்டரோடு நிறுத்தாமல் எஞ்சினையே மாற்றினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நம் ஊர் டிராக்டரில் ஏன் இந்தப் பேச்சே இல்லை?

அவை டீசல். டீசல் எஞ்சினில் கார்புரேட்டர் கிடையாது. எரிபொருளை பம்ப்பும் இன்ஜெக்டரும் நேரடியாகப் பீய்ச்சுகின்றன. ஆனால் உறவு இருக்கிறது. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே, மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டர்களைச் செய்கிறது. அந்தப் பெயரில் இருக்கும் ஃபெர்குசன், 1938-ல் ஃபோர்டோடு கைகுலுக்கியவரேதான். பின்னால் கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் மூன்று புள்ளி இணைப்பு அவர் கொண்டுவந்தது. என் 8என்னிலும் தஞ்சாவூர் வயலில் ஓடும் டிராக்டரிலும் அது ஒன்றே.

குளிர்காலத்தில் ஓட்டாமல் வைத்தால்?

டேங்க் வால்வை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள். ஆறியதும் கார்புரேட்டரின் வடிகால் பிளக்கைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். டேங்கில் பெட்ரோலை முழுதாக நிரப்பி வைத்தால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடமிருக்காது. வசந்தத்தில் வால்வை இரண்டு சுற்று திறந்து, சோக்கை இழுத்து, எஞ்சின் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றியதும் சோக்கை விட்டுவிடுங்கள். அதற்கு மேல் பிடித்தால் பெட்ரோல் கீழே வழியும். எனக்குப் பெரும்பாலும் இரண்டாவது முயற்சியில் பிடித்துக்கொள்கிறது.